அப்பாவின் நோட்டுகள்: நாகமலை வேலைவாய்ப்பு வழிகாட்டு மையத்தில் சாரிடம் வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா?

#1 நாகமலை_மகள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பா போன மாதம் காலமானார். வயது 78. மதுரை நாகமலை அடிவாரத்துப் பல்கலைக்கழகத்தில் வேலைவாய்ப்புத் தகவல் மற்றும் வழிகாட்டு மையத்தில் 1981 முதல் 2004 வரை இருந்தார். பட்டம் படிப்பவர்கள், படித்து முடித்தவர்கள், அவர்களுடைய அப்பா அம்மாக்கள் எல்லோரும் அந்த அறைக்கு வருவார்கள். அடுத்து என்ன படிக்கலாம், எந்தப் பரீட்சை எழுதலாம், எங்கே விண்ணப்பிக்கலாம் என்று பேசுவதுதான் அவர் வேலை. அப்போது கணினியில் தேட முடியாது. கதவுக்கு வெளியே ஒரு பலகை இருக்கும். டி.என்.பி.எஸ்.சி., ரயில்வே, வங்கி அறிவிப்புகளை அப்பா தன் கையெழுத்தில் சுருக்கி எழுதி ஒட்டுவார். கடைசித் தேதிக்கு மட்டும் சிவப்பு மை.

வீட்டில் அவர் எப்படி இருந்தார் என்பதையும் சொல்கிறேன். அம்மா அரசு மருத்துவமனையில் செவிலியர். வாரம் மாறி வாரம் இரவுப் பணி வரும். அந்த நாட்களில் எனக்குத் தலை பின்னி விடுவது அப்பாதான். இரட்டைச் சடை, ரிப்பன் மடித்து. முதல் வருஷம் கோணலாக வந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்தார். டி.வி.எஸ். 50 வண்டியில் முன்னால் என் பை, பின்னால் நான். பள்ளி வாசலில் இறக்கிவிட்டு நான் உள்ளே போய்த் திரும்பிப் பார்க்கும்வரை நிற்பார். சனிக்கிழமை 'எம்ப்ளாய்மெண்ட் நியூஸ்' வந்ததும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக் கோடு போடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். என் சின்ன வயதுச் சனிக்கிழமைகள் எல்லாம் அந்தப் பத்திரிகைத் தாள் வாசனையோடுதான் நினைவில் இருக்கின்றன.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டை ஒதுக்கும்போது பரணில் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே 23 நோட்டுகள். பிரவுன் அட்டை போட்டு முதுகில் வருஷம் எழுதியிருக்கிறார். ஒரு பக்கத்துக்கு ஓர் ஆள். பெயர் எங்குமே இல்லை. ஊரின் சுருக்கப் பெயரும் சில வரிகளும் மட்டும். யாரையும் அடையாளம் காட்டாத சிலவற்றை இங்கே தருகிறேன்:

"தே.க. கணக்கு. அப்பாவுக்குக் கண் தெரியாது. ஆறு மணிக்கு வீட்டில் இருக்கணும். ஜூனில் மறுபடி பேசு."

"உசிலை. எம்.ஏ. தமிழ். கார்டு சாந்தோமில். தகப்பனாரை அழைத்து வரச் சொல்."

"ஆ.பட்டி. 271. சிவில் வேண்டுமாம். யாருக்கு வேண்டும்?"

"தி. பி.காம். எனக்கு வழி தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்."

இவர்கள் யார்? இந்த நோட்டுகளை நான் என்ன செய்ய வேண்டும்? இரண்டு கேள்விகளுக்காகவும்தான் இந்த இழை.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2000இல் நான் பிளஸ் டூ முடித்தபோது என்ன படிக்கட்டும் என்று அப்பாவிடம் எத்தனையோ முறை கேட்டேன். ஒருமுறை அழுதே கேட்டேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மணிக்கணக்கில் பேசியவர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நீ யோசி, நான் பணம் கட்டுகிறேன்" என்றார், அவ்வளவுதான். அந்த வருத்தம் இன்றும் எனக்குள் இருக்கிறது. 2000ஆம் வருஷ நோட்டை மூன்று முறை புரட்டிவிட்டேன். அதில் எனக்கு ஒரு பக்கம் இல்லை.


#2 நெறியாளர்

ஆழ்ந்த இரங்கல்கள். உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் பக்கம் எது என்று தெரிந்தாலும் உண்மைப் பெயர், தொலைபேசி எண் எதையும் இங்கே எழுத வேண்டாம். தனிமடல் அனுப்புங்கள்.


#3 கல்லுப்பட்டிக்காரன்

அக்கா, அந்த முதல் பக்கம் நான்தான். படித்ததும் கை நடுங்கிவிட்டது. 1992.

நான் பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு எம்.எஸ்சி. சேரவேண்டும் என்று போனேன். சார் மதிப்பெண் பட்டியலைப் பார்க்கவே இல்லை. "வீட்டில் யார் யார்?" என்று கேட்டார். அப்பாவுக்குக் கண் பார்வை போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. அம்மா தீப்பெட்டி ஒட்டுகிறாள். தங்கை பத்தாவது. "சாயங்காலம் அப்பாவை யார் வெளியே கூட்டிப் போவது?" என்றார். நான்தான் என்றேன். "எத்தனை மணிக்கு?" ஆறு மணிக்கு. அதை எழுதிக்கொண்டார். என் வாழ்க்கையில் அதுவரை யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அதுதான் நான் எதை எடுக்கலாம் எதை எடுக்க முடியாது என்று தீர்மானிக்கிற கேள்வி என்று எனக்கே தெரியாது.

அப்புறம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தார். கல்லுப்பட்டியிலிருந்து பஸ்ஸில் போய் ஆறு மணிக்குள் திரும்பக்கூடிய ஊர்களை எல்லாம் எழுதச் சொன்னார். பேரையூர், திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று எழுதினேன். ஒவ்வொரு ஊரிலும் என்னென்ன அலுவலகம் இருக்கிறது, அதற்கு என்ன பரீட்சை என்று அடுத்த வாரம் நானே விசாரித்துக்கொண்டு வரவேண்டும். குரூப் 4 எழுதலாம் என்று அவர் வாயால் சொன்னதே இல்லை. அந்தத் தாளை வைத்துப் பார்த்து நான் சொன்னேன். தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். எம்.எஸ்சி. ஆசையை விடவில்லை, அஞ்சல் வழியில் படித்து முடித்தேன். அப்பா இருந்தவரை ஆறு மணி நடை நிற்கவே இல்லை.

ஜூனில் பேசு என்று எழுதியிருக்கிறாரே, ஜூனில் கார்டு வந்தது அக்கா. அஞ்சலட்டை. "விண்ணப்பம் போட்டாயா? அப்பா நலமா?" இரண்டே வரி.


#4 உசிலம்பட்டி_டீச்சர்

இரண்டாவது பக்கம் என்னுடையதாகத்தான் இருக்கும். 1994.

இளைய பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம். அப்போது வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைப்பது எங்களுக்கு உயிர் மாதிரி. ஆசிரியர் வேலைக்குப் பதிவு மூப்பு பார்ப்பார்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கார்டைப் புதுப்பிக்க மறந்தால் வரிசையில் பின்னால் போய்விட வேண்டியதுதான். பட்டம் வரை மாவட்ட அலுவலகத்தில் பதியலாம். முதுகலை என்றால் எங்கள் காலத்தில் சென்னை சாந்தோமில் இருந்த தொழில் மற்றும் செயல் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத்தான் போகவேண்டும். உசிலம்பட்டியிலிருந்து ஒரு பெண்பிள்ளை ராத்திரி ரயிலேறிச் சென்னைக்குப் போவதா? எங்க அப்பா முடியாது என்றுவிட்டார்.

சார் சொன்னபடி அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் வாசலிலேயே நடுங்கிக்கொண்டு நின்றேன், இவர் அப்பாவுக்குப் புத்தி சொல்லப் போகிறார், அப்பா கோபத்தில் எழுந்து வந்துவிடுவார் என்று. ஒரு மணி நேரம் இரண்டு பேரும் பருத்தி விலையும் கிணற்றுத் தண்ணியும் பேசினார்கள். கடைசியில் சார் கேட்டது இதுதான்: "மகளை அனுப்ப உங்களுக்கு எது பயம்?" பயணமா, தங்குமிடமா, ஊர் பேசுமே என்பதா, ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்தார். எங்க அப்பா ஒரு வெளியாளிடம் தன் பயத்தைச் சொல்லி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். முடிவில் அப்பாவே சொன்னார், "நானும் கூடப் போய்ட்டு வாரேன்" என்று. இரண்டு பேரும் போனோம். பதிந்த கையோடு மெரினாவுக்கும் போனோம். அப்பா கடலை அன்றுதான் முதன்முதலில் பார்த்தார்.

தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றுவிட்டேன் அம்மா. உங்க அப்பா எனக்கும் ஒரு வகையில் அப்பாதான்.


#5 வைகை_மணல்

இவ்வளவு பேர் புகழும் இடத்தில் இதை எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனால் "எனக்கு வழி தெரியவில்லை" என்ற பக்கம் என்னுடையது.

2002. திருமங்கலம். பி.காம். முதல் வகுப்பு. 2001 கடைசியில் அரசு வேலைகளுக்கு ஆள் எடுப்பதைத் தமிழ்நாடு அரசு நிறுத்தியது பலருக்கு நினைவிருக்கும். சில துறைகள் தவிர மற்றதெல்லாம் மூடிக் கிடந்தது. இரண்டு வருஷம் குரூப் 4க்குப் படித்தவன் நான். சாரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு அந்த வாக்கியத்தைச் சொன்னார். "தம்பி, இப்போதைக்கு எனக்கு வழி தெரியவில்லை. தெரிந்த மாதிரி பேச மாட்டேன்."

எனக்கு வந்த கோபம்! வழி தெரியாதவருக்கு எதற்கு வழிகாட்டு மையம் என்று கத்திவிட்டு வந்தேன். திருப்பூர் போய் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதினேன். அவரை மனதுக்குள் திட்டாத மாதம் இல்லை.

2006 தொடக்கத்தில் தடையை நீக்கினார்கள். அந்த வாரமே எங்கள் ஊர் முகவரிக்கு ஒரு அஞ்சலட்டை. "தடை நீங்கிவிட்டது. வயது வரம்பைப் பார்த்துக்கொள். இன்னும் நேரம் இருக்கிறது." நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் ஓய்வு பெற்று அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் முகவரியை அவர் எங்கோ பத்திரமாக எழுதி வைத்திருந்திருக்க வேண்டும்.

நான் திரும்பப் பரீட்சை எழுதவில்லை. அதற்குள் திருப்பூரிலேயே கால் ஊன்றிவிட்டேன். ஆனால் பதில் கார்டு போட்டிருக்கலாம். போடவில்லை. அதை இன்று உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.


#6 நாகமலை_மகள்

உடனே பதில் எழுத முடியவில்லை, மன்னியுங்கள். நான் கால்நடை மருத்துவர். மதியத்திலிருந்து ஒரு கிராமத்தில் பசு கன்று ஈனச் சிரமப்பட்டது. கன்றின் தலை பின்பக்கமாக மடங்கிக் கிடந்தது. நேராக்கி எடுக்கும்போது மணி ஒன்பது. இரண்டும் நலம்.

வைகை மணல் அண்ணா, உங்கள் பக்கத்தில் அந்த வரிக்குக் கீழே வேறு மையில் இன்னொரு வரி இருக்கிறது. "கார்டு போட்டேன். 2006." பக்கத்தில் ஒரு சின்ன சரி போட்டிருக்கிறார். பதில் வரவில்லை என்று எங்கும் எழுதவில்லை. நீங்கள் அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

டீச்சர் அம்மா, மெரினாவைப் பற்றிப் படித்துவிட்டு அம்மாவிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அம்மா சொன்னாள்: "அவர் அப்பாமார்களைத்தான் முதலில் பேச வைப்பார். பிள்ளைகள் தானாகப் பேசும் என்பார்."


#7 கிண்டி99

271 நான்! ஆண்டிபட்டி. 1999.

அந்த நாளில் பொறியியல் கட் ஆஃப் மொத்தம் 300. பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்து 200, நுழைவுத் தேர்வுக்கு 100. ஒற்றைச்சாளர முறை வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. தமிழ்நாடு முழுவதும் உள்ளவர்கள் கிண்டிக்கு, அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போகவேண்டும். திரையில் ஒவ்வொரு கல்லூரியிலும் மிச்சம் இருக்கும் இடங்களின் எண்ணிக்கை ஓடும். நாம் காத்திருக்கும்போதே குறைந்துகொண்டே வரும். உள்ளே போய் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் சொல்லிவிட வேண்டும். இப்போது வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் விருப்பப்பட்டியல் கொடுக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பதற்றம் புரியாது.

சிவில் வேண்டும் என்று நான் சொன்னது என் மாமாவுக்காக. அவர் ஒப்பந்தக்காரர். சார் "யாருக்கு வேண்டும்?" என்று என்னையே கேட்டார். எழுதியும் வைத்திருக்கிறார் பாருங்கள். நான் முழித்தேன். "சரி, ஞாயிற்றுக்கிழமை மாமா கட்டுகிற இடத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நில். அப்புறம் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையில் ஒருநாள் நில். எங்கே மணி பார்த்தாய் என்று வந்து சொல்" என்றார். கட்டுமான இடத்தில் பத்து தடவை மணி பார்த்தேன். ரீவைண்டிங் கடையில் சாப்பிடவே மறந்துவிட்டேன். எலெக்ட்ரிக்கல் எடுத்தேன். மாமா ஒரு வருஷம் பேசவில்லை, பிறகு சரியாகிவிட்டது.

கிண்டிக்குக் கிளம்புவதற்கு முன் சார் சொன்ன ஒன்றை இன்றும் என் உறவுக்காரப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். "இருபது இடத்தை வரிசையாக எழுதிச் சட்டைப் பையில் வை. அங்கே போய் யோசிக்காதே. வாசலில் துண்டுச்சீட்டு கொடுப்பவன் யாரிடமும் நின்று பேசாதே."


#8 பாண்டி_கோவில்_தெரு

நான் அவரிடம் போனவன் இல்லை. என் மகள் இப்போது பிளஸ் டூ. அதனால் ஒரு கருத்தை மட்டும் வைக்கிறேன், தவறாக எடுக்க வேண்டாம்.

வழிகாட்டி என்று ஒருவர் இருந்தால் தெளிவாகச் சொல்ல வேண்டாமா? "இதைப் படி, இது வேண்டாம்." எங்களுக்கெல்லாம் படித்த அப்பா அம்மா இல்லை. முதல் தலைமுறை. யோசி யோசி என்றால் எதை வைத்து யோசிப்பது? விவரம் தெரிந்தவர் சொல்லாமல் இருப்பது சரி என்று எனக்குத் தோன்றவில்லை. தங்கச்சி அழுது கேட்டும் சொல்லவில்லை என்று படித்தபோது எனக்கே சங்கடமாக இருந்தது.


#9 கூடலூர்_ஆலோசகர்

பாண்டி கோவில் தெரு அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. நான் ஒரு பள்ளியில் இதே வேலை பார்க்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்தத் துறையைத் தொடங்கி வைத்தவர் என்று ஃபிராங்க் பார்சன்ஸைச் சொல்வார்கள். 1908இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வேலை தேடும் இளைஞர்களுக்காக ஒரு நிலையம் திறந்தார். அதே வருஷம் இறந்துவிட்டார், அவருடைய புத்தகம் மறு வருஷம்தான் வெளிவந்தது. அவர் வைத்தது மூன்றே படி. உன்னைத் தெரிந்துகொள், வேலைகளைத் தெரிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார். இதில் இரண்டாவது படிக்கு விவரம் தெரிந்தவர் கட்டாயம் வேண்டும். எந்தப் பரீட்சை, என்ன கட்டணம், எத்தனை இடம், படித்தால் என்ன சம்பளம், இதெல்லாம் சொல்லாமல் யோசி என்பது கைவிடுவதுதான். அண்ணன் அதைத்தான் சொல்கிறார் என்றால் நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் சார் அதைச் சொல்லாமல் விட்டதாக இங்கே எவரும் எழுதவில்லையே. சாந்தோம் என்று சொல்லியிருக்கிறார், வயது வரம்பு என்று கார்டு போட்டிருக்கிறார், இருபது கல்லூரியை வரிசைப்படுத்தச் சொல்லியிருக்கிறார். முதல் படியையும் மூன்றாவது படியையும் மட்டும் அவரவரிடம் விட்டிருக்கிறார். இன்று நாங்கள், ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் மனிதர்களின் ஈடுபாட்டைப் பிரித்த ஆறு வகை என்று ஒரு கேள்வித்தாளை நிரப்பச் சொல்லிக் கண்டுபிடிக்கப் பார்ப்பதை, அவர் "எங்கே மணி பார்த்தாய்?" என்று கேட்டே வாங்கிவிட்டார். நாளைக்கு என் பள்ளியில் நானும் இதைக் கேட்கப் போகிறேன்.

சொந்த மகளிடம் ஏன் பேசவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

நோட்டுகளைப் பற்றி: பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்தால் நல்லது. 23 வருஷம் தென் மாவட்டங்களிலிருந்து படித்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் வரலாறு அது. வேறு எங்கும் கிடைக்காது.


#10 பெயர்_வேண்டாம்

நூலகத்துக்குக் கொடுக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

என் பக்கமும் அதில் இருக்கிறது. எந்த வருஷம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். வேலை பற்றிக் கேட்கப் போனவள் வேறொன்றைச் சொல்லி அழுதுவிட்டு வந்தேன். என் அம்மாவுக்கே அது தெரியாது. அவர் எழுதியிருப்பாரா, எவ்வளவு எழுதியிருப்பார் என்று தெரியாமல் நேற்று இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. பெயர் இல்லாவிட்டாலும் ஊரும் படிப்பும் வருஷமும் இருந்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் போதும்.

அவர் நல்லவர். அதனால்தான் சொன்னேன்.


#11 நாகமலை_மகள்

பெயர் வேண்டாம் அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் பெட்டியைப் பூட்டிவிட்டேன். நூலகத்துக்குக் கொடுக்க மாட்டேன். நான் மேலே நான்கு பக்கங்களை எடுத்துப் போட்டதே தவறு என்று இப்போது தோன்றுகிறது. அந்த நான்கு பேரும் பெரிய மனது பண்ணி எடுத்துக்கொண்டார்கள், ஆனால் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.


#12 கல்லுப்பட்டிக்காரன்

அக்கா, ஒரு யோசனை. பக்கம் யாருடையதோ அவரவரே வாங்கிக்கொள்ளட்டுமே. எனக்கு என் பக்கம் வேண்டும். சட்டம் போட்டு மாட்டப் போவதில்லை, என் மகனிடம் காட்டி அவன் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.


#13 உசிலம்பட்டி_டீச்சர்

நானும் அதையே நினைத்தேன். கேட்டு வராதவர்களின் பக்கங்களை எரித்துவிடுங்கள் அம்மா. அதில் பாவம் இல்லை.


#14 பழைய_கோப்பு

இந்த இழையை என் பேத்தி காட்டினாள். தட்டச்சு செய்வதும் அவள்தான், நான் சொல்லச் சொல்ல.

நான் மதுரை மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தொழில்நெறி வழிகாட்டும் பிரிவில் இருந்தவள். உன் அப்பாவும் நானும் ஒரே துறை, ஒரே பயிற்சி. பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, தேசிய வேலைவாய்ப்புச் சேவை 1945இல் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித்தரத் தொடங்கியது என்பதைத்தான். அலுவலகத்தில் தொழில் வகைப்பாட்டுப் புத்தகம் ஒன்று தடிமனாக இருக்கும். நாட்டில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண். எங்களில் பலர் எண்ணைத் தேடிக் கார்டில் எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவோம். உன் அப்பாதான், "இந்தப் புத்தகத்தில் மகன் என்ற வேலைக்கும் அப்பா என்ற வேலைக்கும் எண் இல்லையே, அதைப் பார்க்காமல் எப்படி மற்றதைச் சொல்வது?" என்பார். டொனால்ட் சூப்பர் என்று ஓர் அறிஞர். மனிதன் ஒரே நேரத்தில் பிள்ளையாக, மாணவனாக, வேலை செய்பவனாக, குடும்பம் நடத்துபவனாகப் பல வேஷம் தாங்குகிறான் என்று வானவில் மாதிரி படம் போட்டுக் காட்டியவர். ஒரு பயிற்சி வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டியபோது உன் அப்பா எழுந்து நின்றே பார்த்தார். அதன் பிறகுதான் நோட்டில் "வீட்டில் யார்" என்பதை முதல் வரியாக எழுதத் தொடங்கினார் என்று நினைக்கிறேன்.

சரி, சொல்ல வந்தது வேறு.

பாப்பா, 2000ஆம் வருஷம் மே மாதம் ஒரு மதியம் உன்னை என் அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். ஒரு கோப்பு கொடுக்க வந்ததாகச் சொன்னார். உன்னை என் எதிரே உட்கார வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். உனக்கு நினைவிருக்கிறதா? நாம் ஒன்றேகால் மணி நேரம் பேசினோம். நீ முதலில் கம்ப்யூட்டர் என்றாய், தோழிகள் எல்லோரும் அதற்குப் போகிறார்கள் என்றாய். எனக்கு அதில் உன் குரலே கேட்கவில்லை. லீவில் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். பக்கத்து வீட்டு மாட்டைப் பற்றி ஆரம்பித்தாய் பார். மடி விட்டிருக்கிறது, வாலுக்கு இரண்டு பக்கமும் குழி விழுந்துவிட்டது, இன்று ராத்திரி தாண்டாது, நான் வீட்டுக்குப் போகணும் என்றாய். வைத்தியர் வர நேரமானால் என்ன செய்வது என்று உனக்குப் பயம். நான் கேட்டுக்கொண்டே எழுதினேன். நாமக்கல்லில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஐந்து வருஷப் படிப்பு என்று மட்டும் சொன்னேன். உன் முகம் மாறியதை நான் இன்றும் மறக்கவில்லை.

அவர் எங்கே இருந்தார் தெரியுமா? வெளியே வேப்பமரத்தடியில், வரிசையில் நிற்கிற பிள்ளைகளின் அப்பாக்கள் உட்காரும் இடத்தில். அவர்களோடு ஒருவராக உட்கார்ந்திருந்தார். நீ தண்ணீர் குடிக்கப் போனபோது நான் போய், நடந்ததைச் சொல்லட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அழுதாளா?" இல்லை என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

நீங்களே பேசியிருக்கலாமே என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "நான் சொன்னால் அப்பா சொன்னதாகிவிடும். அவள் என் பேச்சைத் தட்ட மாட்டாள். அதுதான் பயம்" என்றார். உன்னிடம் இதைச் சொல்லிவிடுங்கள் என்று நான் பலமுறை சொன்னேன். படிப்பு முடியட்டும் என்றார். முடிந்த பிறகு, அவள்தான் கண்டுபிடித்ததாக இருக்கட்டுமே என்றார். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. உனக்கு இத்தனை வருஷம் இந்த வருத்தம் இருந்தது என்று தெரிந்திருந்தால் அவர் பேச்சை மீறியே சொல்லியிருப்பேன்.

அவர் நோட்டில் உன்னைத் தேடாதே. உன் பக்கம் என் நோட்டில் இருக்கிறது.


#15 பாண்டி_கோவில்_தெரு

அம்மா, இதை என் மகளை உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். நான் கேட்ட கேள்வியைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவளைத் தனியாக ஒருவரிடம் பேச விடப்போகிறேன். நான் வெளியே உட்காருகிறேன்.


#16 நாகமலை_மகள்

அத்தை.

அந்த மாடு அன்று ராத்திரி பதினொன்றரைக்குக் கன்று போட்டது. கிடாரி. அப்பா டார்ச் பிடித்துக்கொண்டு என் பின்னால் நின்றார். அது மட்டும்தான் எனக்கு இத்தனை வருஷமாக நினைவில் இருந்தது. மதியம் ஓர் அலுவலகத்துக்குப் போனது, ஒரு அத்தை எலுமிச்சைச் சாறு வாங்கிக் கொடுத்தது எல்லாம் நீங்கள் எழுதிய பிறகுதான் திரும்ப வந்தது. நாமக்கல் என்ற பெயரை நானாகச் செய்தித்தாளில் பார்த்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் கேட்டேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினார்" என்றாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணியிலிருந்து வீடு திறந்திருக்கும். பக்கம் வேண்டும் என்பவர்கள் ஊர், படிப்பு, வருஷம் மூன்றையும் தனிமடலில் அனுப்புங்கள். முகவரியை அதிலேயே தருகிறேன். பெரியார் நிலையத்திலிருந்து நாகமலைப் புதுக்கோட்டை பஸ் ஏறினால் போதும், நிறுத்தத்தில் என் தம்பி நிற்பான். நான் எந்தப் பக்கத்தையும் இனிப் படிக்க மாட்டேன். வருஷத்தையும் ஊரையும் மட்டும் அம்மா பார்த்துப் பிளேடால் வெட்டி உறையில் போட்டு ஒட்டித் தருவாள். பெயர் வேண்டாம் அக்கா, நீங்கள் வரவேண்டியதில்லை. வருஷத்தை மட்டும் சொல்லுங்கள், அந்த நோட்டையே அம்மா அடுப்பில் வைத்துவிடுவாள். அதில் வேறு யாராவது கேட்டிருந்தால் அவர்கள் பக்கத்தை மட்டும் முன்னால் எடுத்துவிடுகிறோம்.

அத்தை, உங்களுக்குப் படியேறச் சிரமம் என்றால் பேத்தியை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நானே வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். நோட்டை மறக்காமல் எடுத்து வாருங்கள்.